தலைகீழ்க் கிளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பாவாயி வணங்கி எழுதுவது. ஏற்காட்டுக் குளிர் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் அனுப்பிய கிளிப் படம் போட்ட சீட்டித் துணியில் உங்களுக்கு ரவிக்கை தைத்துவிட்டேன். துணியை மடித்து வெட்டியதில் முதுகுப் பக்கத்துக் கிளிகளெல்லாம் தலைகீழாகிவிட்டன. "இதென்ன கண்ணு, கிளியா வௌவாலா?" என்று தையல் கடைக்கார அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அம்மா, நான் டெய்லராகிவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியது பொய். எட்டு மாதமாகச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பதும்தான் என் வேலை. நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். கோயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டு போனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இனிமேல் படமில்லாத துணியாக அனுப்புங்கள்.

சேலம் பஸ் கிளம்பப் போகிறது, பொட்டலத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். அளவுக்கு அனுப்பிய உங்கள் பழைய ரவிக்கை அதில் இருக்காது, தேடாதீர்கள். அது என் தலையணைக்கடியில் இருக்கிறது, இன்னும் துவைக்கக்கூட இல்லை.

பாவாயி