பிரேக் ஒயரில் ஒரு முடிச்சு

என் அன்பானவரே,

உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுத்திலும் வேண்டாம். சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் உங்கள் நினைவு நாளன்று, கொமரலிங்கத்தில் நம் வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நான் சைக்கிளில் வந்தேன். என் சொந்தச் சைக்கிளில்.

நீங்கள் போனதிலிருந்து அந்த நாளில் என்னைக் காரில் ஏற்றி, தண்ணீர் ஓரத்தில் இறக்கி, ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் சாம்பலைக் கரைத்த இடத்துக்கு நான் பார்சல் மாதிரியா வந்து சேர வேண்டும்? கான்வென்ட் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியவள் நான். நிட்டிங் மிஷின் எதுவானாலும் ஓட்டுவீர்கள். சைக்கிள் மட்டும் உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. உங்களைக் கேரியரில் வைத்து நான் மிதித்தபோது ஊர் சிரித்தது. ஊரைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

இப்போது நாங்கள் இருக்கும் திருப்பூரிலிருந்து அவ்வளவு தூரம் மிதிக்க முழங்கால் சம்மதிக்காது. சைக்கிளைக் காரில் ஏற்றலாமென்றால் ஹேண்டில்பாரைக் கழற்ற வேண்டும். அதை இரண்டு பிரேக் ஒயர்கள் வண்டியோடு கட்டிப்போட்டிருக்கின்றன. சக்கரத்தருகே இருந்த திருகைத் தளர்த்தி ஓர் ஒயரை நானே உருவிப் பார்த்தேன். திரும்பக் கோக்கும்போது அதன் நுனி விளக்குமாறு போல விரிந்து, உறைக்குள் போக மறுத்தது. புது ஒயர் போட்டு, பிரேக் சரியாகப் பிடிக்கும்படி இழுத்துக் கட்டுவதற்குள் காலைப்பொழுது போயிற்று. ஆற்றுக்குப் போகிற அவசரத்தில் இதையெல்லாம் யார் செய்வது?

நம் செந்தில் ஒரு யோசனை சொன்னான். "ஏம்மா, அங்கயே யாராச்சும் சைக்கிள் குடுப்பாங்க. கேட்டு வாங்கிக்கலாமுங்க."

"அடுத்தவங்க சைக்கிள்ல போய்ப் பாக்கறதுக்கு உங்கப்பா எனக்குத் தூரத்துச் சொந்தமா, கண்ணு?" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

வழி நம் பனியன் கம்பெனியின் நிட்டிங் கூடத்திலேயே இருந்தது. கோனில் சுற்றிய நூல் தீரும்போது நாம் என்ன செய்கிறோம்? ஊசி வரை நூலை உருவிவிட்டு, மறுபடி முதலிலிருந்தா கோக்கிறோம்? பழைய கோனின் வாலில் புதுக் கோனின் தலையை முடிந்துவிடுகிறோம். மிஷின் பாட்டுக்கு ஓடுகிறது. அப்படியிருக்க, பிரேக் ஒயரை மட்டும் ஏன் நுனியில் போய் அவிழ்க்க வேண்டும்? நடுவில் வெட்டி, நடுவிலேயே சேர்த்தால் என்ன?

பெருமாநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமியிடம் போய், வேண்டியதைப் படம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு பித்தளைத் துண்டுகள். வெட்டிய ஒயரின் ஒரு பாதியை ஒரு துண்டு கவ்வும், மறு பாதியை இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொள்ளும். திருகும்போது ஒயர் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

"ஏனுங்கம்மா, நல்லா இருக்கற பிரேக்கை வெட்டிப்போட்டுச் சேக்கறதுங்களா? செந்தில் தம்பிக்குத் தெரியுமுங்களா?"

"தெரிஞ்சா என்னை ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிருவான். நீங்க கடையுங்க."

முதலில் கடைந்து தந்ததில் திருகின் ஓரம் பிசிறடித்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன். "பனியன் வாங்கற வெளிநாட்டு பையர் கூட இத்தனை நொரநாட்டியம் பேச மாட்டாங்க" என்றார். "அவங்க இதுல ஏறிப் போறதில்லீங்க" என்றேன்.

இரண்டாவது முறை வந்தது கச்சிதமாக இருந்தது. சேர்த்த ஒயரை உத்தரத்தில் மாட்டி, அதில் ஒரு நூல் மூட்டையைத் தொங்கவிட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தாலும் மூட்டை அப்படியே தொங்கியது. பெருமை தாளவில்லை எனக்கு. இரண்டு ஒயர்களையும் அப்படியே சேர்த்துச் சைக்கிளில் மாட்டி, கம்பெனி வாசலிலேயே ஏறி மிதித்தேன். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் போய்த்தான் நின்றேன். பெட்டிகள் மடமடவென்று என் மேல் சரிந்தன.

மிஷினடியிலிருந்து ஸ்பேனரோடு ஓடிவந்த செந்தில், எனக்கு அடியில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒயரைக் குனிந்து பார்த்தான். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. "அம்மா! முடிச்சு கண்ணுல சிக்கிக்கிச்சுங்க!"

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தடித்த முடிச்சு போட்டால் அது நூல் ஓடும் கண்ணில் சிக்கி, மிஷின் நின்று சிவப்பு விளக்கு எரியும். அதற்காக எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன்! இப்போது நானே பித்தளை முடிச்சை உறையின் வாயோடு ஒட்டி வைத்திருக்கிறேன். பிரேக்கை அழுத்தினால் அது நகர இடம் எங்கே? இற்றுப்போகுமா என்று பார்த்தேனே தவிர, நகருமா என்று பார்க்கவில்லை.

தூக்கிவிடக் கையை நீட்டினான். நான் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். உறையில்லாமல் ஒயர் வெறுமையாக ஓடுகிற இடத்தில், முன்னும் பின்னும் இடம் விட்டு இரண்டு இணைப்புகளையும் மாற்றினேன். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டே அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பிடித்தது. அதன் பிறகே ஏறினேன்.

கொமரலிங்கத்தில் நம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சைக்கிளை இறக்கி ஹேண்டில்பாரை முடுக்கியதும், மருமகள் கவிதா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள். அவள் டம்ளரை நீட்டுமுன் இரண்டு ஒயர்களையும் சேர்த்துவிட்டேன். ஒயரைத் திருகியவை என் விரல்கள் மட்டுமே; அதற்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை.

"நிஜமா பிடிக்குமுங்களா அத்தை?"

"பிடிக்கலீன்னா நேரா உங்க மாமனாருகிட்டயே போய் நின்னுக்கறேன், போ."

"ஐயோ, என்ன பேச்சுங்க இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மட்டும் பொத்த முடியவில்லை.

ஆற்றுக்கு இறங்கும் சரிவில் காற்று சேலையைப் பறிக்கப் பார்த்தது. பாதிச் சரிவு வரை நான் பிரேக்கைத் தொடவேயில்லை. பின்னால் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள், பயத்திலா, சந்தோஷத்திலா? பிறகு இரண்டு கையாலும் அழுத்தினேன். முன் சக்கரம் ஈர மணலைத் தொட்டதும் வண்டி நின்றது. யாரும் பிடித்துக்கொள்ளாமல், நானாகவே இறங்கி உங்கள் முன்னால் நின்றேன். பார்த்தீர்களா?

வருஷா வருஷம் இப்படித்தான் வருவேன். மிதிக்க முடியாத வருஷம் வந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். வந்து சேர்வது என் பொறுப்பு.

என்றென்றும் உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்