குழாய் அதிரும்போது எழுபத்திரண்டு

மேசை இழுப்பறையில் உன் பித்தளைச் சல்லடை கிடக்கிறது. விளிம்பில் ஒட்டிய வெள்ளைக்கல் மாவு எத்தனை கழுவியும் போகவில்லை. இன்று காலை அதை வெளியே எடுக்க வேண்டி வந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ராயக்கோட்டை சாலையில் நம் ஆலையில் நீ ஆய்வகம், நான் இன்ஜினியர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீ ஏணி ஏறி, மில்லில் அரைபட்டு வரும் கல்குழம்பைப் பிடித்து, உலர்த்திச் சலிப்பாய். நூறு கிராமில் எத்தனை கிராம் சல்லடையைத் தாண்டியது என்று நோட்டில் எழுதுவாய். அந்த நோட்டுகளை வைத்துத்தான் என் மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தேன். மில் இழுக்கும் மின்சாரம், தண்ணீர், குழாயின் அழுத்தம் மூன்றையும் பார்த்து, மாவின் நுண்மையை அதுவே நிமிடத்துக்கு நிமிடம் கணித்துத் திரையில் காட்டும். யாரும் ஏணி ஏற வேண்டாம்.

பெங்களூரிலிருந்து முதலாளிகள் அதைப் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம், டீக்கடையில் சொன்னாய்.

"இன்ஜினியரே, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. அழுத்தம் ஏறி குழாய் அதிர்றப்ப மேல நிக்கவே முடியாதுப்பா, மூஞ்சியிலயே பீச்சும். அப்பல்லாம் கீழயே நின்னு, வழக்கமா வர்ற எழுபத்திரண்டையே போட்டுருவேன்."

"எத்தனை தடவை?"

"அதிர்றப்பல்லாம்."

சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். ஒரு வாரத்தில் எதை மாற்றுவது?

அழுத்தம் ஏறும்போதுதான் மாவு கொரகொரப்பாகிறது. அப்போது மட்டும், உன் நோட்டில் கற்றபடி, திரை அசையாமல் எழுபத்திரண்டு காட்டியது. மாவு கொரகொரப்பு என்று வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிய நாளில், அதிரும் குழாயடியில் நின்று நனைந்து, நிஜமாகவே பிடித்துக்கொண்டு வந்தாய். அறுபத்துமூன்று.

"கம்ப்யூட்டரு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லுது. நீ என்னப்பா புதுசா ஒரு கணக்கு கொண்டாற?" என்றார் மேனேஜர். நீ என்னைப் பார்த்தாய். நான் திரையைப் பார்த்தேன்.

ஆய்வகத்தை மூடினார்கள். போகும்போது சல்லடையை என் மேசையில் வைத்தாய். "வெச்சுக்கய்யா. உனக்குத்தான் தேவைப்படும்." அடுத்த மாம்பழப் பருவத்துக்குள் காவேரிப்பட்டினத்தில் மாரடைப்பு. சாவுக்கு நான் வரவில்லை.

உன்மேல் கோபம் தீரவில்லை. நோட்டில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கலாம். போகட்டும், நோட்டே பொய் என்று அன்று மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். வேலை எப்படியும் போனதுதானே? என் திரையும் சேர்ந்து விழுந்திருக்கும். நீ வாய் திறக்கவில்லை. அந்த உபகாரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது இரண்டாவது ஆலையிலும் அதே மென்பொருள். திரை சரியாக இருக்கிறது என்று மாதம் ஒருமுறை ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துக் கையெழுத்திடுபவன் நான். மென்பொருளைத் திருத்தினால், ஏன் திருத்தினாய் என்பார்கள். அந்தக் கேள்வி உன்னிடம் வந்து முடியும், பிறகு என்னிடம்.

இன்று குழாய் அதிர்ந்தது. ஏறினேன். நீ சொன்னபடியே முகத்தில் பீச்சியது. உலர்த்தி, உன் சல்லடையில் சலித்தேன். அறுபத்தொன்று. மறுபடி சலித்தேன். அறுபத்தொன்றுதான்.

முகத்தைத் துடைக்காமலே படிவத்தில் எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நீயாவது ஏறாமல் எழுதினாய்.