நீலக் காரின் நோன்பு

மார்ச் 12

எங்கள் பௌத்தக் கோயிலில் காலை வேள்வியை முடித்துக்கொண்டு, கணவாய்க்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்குப் பேருந்தில் சென்றேன். என் மனைவி மிட்ஸுவே கட்டிலில் சாய்ந்தபடி உதிரிபாகங்களின் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கார்ப் பட்டறைக்காரர் ஓகிஹாரா அருகில் நின்று வாதாடினார்.

"டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் ஏத்திவிட்டாப் போதும்மா. சும்மா பறக்கும்."

"நிக்கத் தெரியாத வண்டிக்குப் பறக்கறது எதுக்குய்யா? மொதல்ல நல்ல டயர், அப்புறம் பிரேக். மத்ததெல்லாம் நான் எந்திரிச்சு வந்து பாத்துக்கறேன்."

"ஊர் வண்டிக்கெல்லாம் சாமிதான் மந்திரம் ஓதிக் காப்புச்சீட்டு ஒட்டுறாரே. உங்களுக்கு எதுக்கு பிரேக்?"

"அந்தச் சீட்டோட எத்தனை வண்டி பள்ளத்துல கெடக்குன்னு உனக்குத் தெரியாதா?"

என்னைப் பார்த்தே இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நீத்தார் சடங்குகளுக்கெல்லாம் என்னை ஏற்றிச் செல்பவள் அவளே. அறுபத்தாறு வயதில், தன் சேமிப்பில், அந்த நீல நிறக் காரை வாங்கினாள். மறு ஆண்டே இரத்தத்தில் இந்த நோய்.

மார்ச் 13

மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். இதற்குமேல் எழுத இயலவில்லை.

மார்ச் 15

மருந்து பலிக்கவில்லையாம். இன்னொன்று உண்டு, அதை அவள் உடல் தாங்குமா என்பது ஐயம்.

உடல் நீர்க்குமிழி என்று எத்தனை வீடுகளில் ஓதியிருக்கிறேன்! அச்சொற்கள் இன்று என் வாயில் மணலாகக் கிடக்கின்றன.

மன்றாடுவோர் தமக்கு இனியது ஒன்றைத் துறப்பது எங்கள் வழக்கம். குளிர்காலத்தில் தேநீரைத் துறந்தேன். பின்னர் உப்பை. பயனில்லை. என்னிடம் இனியது வேறு என்ன மிச்சம்? இன்று வேள்வித் தீயின் முன், எங்கள் கோயில் தெய்வமான ஃபுதோ மூர்த்தியின் திருமுகம் நோக்கி, அவளுக்கு இனியதைக் கொடுத்துவிட்டேன். அவள் நலம் பெறும்வரை அந்தக் காரின்மீது ஒரு கருவியும் படாது என்று நோன்பு ஏற்றேன்.

வேலையை நிறுத்தும்படி ஓகிஹாராவிடம் சொன்னேன். அவளிடம், சரக்கு வரத் தாமதம் என்றேன். பூசகர் அங்கியில் நின்று சொன்ன பொய்.

மார்ச் 22

புதிய மருந்து தொடங்கிவிட்டது. காய்ச்சல். "டயர் வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மார்ச் 26

தெரிந்துவிட்டது. ஆப்பிளோடு பார்க்க வந்த ஓகிஹாரா, பொய் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறார். நான் நுழைந்தபோது அவள் குரல் உயரவில்லை. அதுவே அச்சமூட்டியது.

"தேத்தண்ணிய விட்டீங்க, உப்ப விட்டீங்க. அது உங்க நாக்கு, உங்க பாடு. கார் என்னுது. என் ஆசையத் தூக்கிச் சாமிகிட்டக் குடுக்க நீங்க யாரு?"

"நீ பொழைக்கணும்னுதான்..."

"எதுக்குப் பொழைக்கணும்? உங்களப் பஸ்ல ஏத்தி விடவா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 28

உண்ணவில்லை. விலைப்பட்டியல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

செவிலி சொன்னாள்: "அந்தப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டேதான் நாலு வாய் சாப்புடுவாங்க. இப்ப அதையும் தொடல. என்ன ஆச்சு சாமி?"

என்ன ஆயிற்று என்று சொல்வேன்?

மார்ச் 29

நோன்பை முறித்தால்? தீயின்முன் கொடுத்த வாக்கு. முறித்த பின் அவள் போய்விட்டால், கொன்றவன் நான். முறிக்காமலே போய்விட்டால்? அப்போதும் நான்தானே! ஐயோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கறேனே. மூர்த்தியே, ஏதாவது சொல்லக் கூடாதா?

பழம்பாடல்களில் உதிர்வதற்கென்றே செர்ரி மலர்கள் பூக்கும். அவ்வழகில் ஐம்பது ஆண்டுகள் திளைத்தேன். முற்றத்து மரம் மொட்டு விட்டிருக்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை.

மார்ச் 30

வேள்வித் தீ மூட்டினேன். என்னுடையதல்லாத ஒன்றைக் காணிக்கையாக்கிவிட்டேன், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். தண்டனை உண்டெனில் என் தலைமேல் இறங்கட்டும் என்றும் சொன்னேன். தீ வழக்கம்போல் எரிந்தது.

அங்கிருந்து நேரே பட்டறைக்கு.

"அழுத்தத்தையும் ஏத்திடவா சாமி?" என்றார் ஓகிஹாரா.

"அவ என்ன சொன்னாளோ அத மட்டும் பண்ணு. டயர், பிரேக். இன்னைக்கே ஆரம்பி."

ஏப்ரல் 3

வேலை முடிந்தது என்று கட்டிலருகே நின்று சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"பிரேக் ஆயில் மாத்துனானா?"

தெரியவில்லை என்றேன்.

"பிரேக் கட்டைய மட்டும் மாத்திட்டுப் பழைய ஆயிலயே விட்டா எறக்கத்துல கொதிச்சுப் போயிரும். போய்க் கேட்டுட்டு வாங்க."

இரண்டு பேருந்து மாறிப் பட்டறைக்குப் போனேன். மாற்றவில்லை. மாற்றும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்து சொன்னபோது, என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கஞ்சிய இங்கிட்டு நகத்துங்க."

அரைக் கிண்ணம். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

ஏப்ரல் 9

காய்ச்சல் அப்படியே. கஞ்சி அரைக் கிண்ணம்தான்.

மறு ஆண்டு, அக்டோபர் 19

காலையில் ஓகிஹாரா தொலைபேசியில் அழைத்தார். நேற்று நீலக் காருக்கு எண்ணெய் மாற்றும்போது பார்த்தாராம்: முன் டயர்கள் இரண்டும் வெளிவிளிம்பில் மொட்டையாகிவிட்டன.

"வளைவுல வேகத்தக் கொறைக்காமத் திருப்புனாத்தான் இப்படித் தேயும். நீங்களாவது அம்மாகிட்டச் சொல்லக் கூடாதா சாமி?"

சொல்கிறேன் என்றேன். அதே டயர்களில் இரண்டுக்குச் சொல்லிவைத்தேன்.

மணி ஒன்றரை. கணவாய்க்கு அப்பால் காளான் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போன மிட்ஸுவே இன்னும் திரும்பவில்லை. சோறு ஆறிவிட்டது. எனக்குப் பசிக்கிறது.