உங்கள் பேரில் ஓடிய பவுசர்

ஆற்றங்கரை,
காத்தான்குடி.

அன்பின் மச்சான் ஸியாம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் இனாயாவும் நல்ல சுகம். கத்தாரில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்கமாட்டான். முன்பல் விழுந்த வாயோடு இனாயா ஓதுவதைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

உங்கள் தம்பி றிஷாட் போனில் தன் பக்கத்தை முந்திச் சொல்லியிருப்பார். நான் போனில் சொன்னால் பாதியில் கோபித்து வைத்துவிடுவீர்கள். அதனால்தான் அங்கே வரும் பக்கத்து வீட்டு நஸீபாவின் மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்க வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

நீங்கள் வாங்கிக்கொடுத்த பவுசர் லொறியில் றிஷாட் வீடு வீடாக இறைக்கும் கக்கூஸ் தண்ணீர் கழிவு நிலையத்துக்குப் போகவில்லை. நம் வளவுக்குப் பின்னால் ஆற்றோரக் கண்டல் மரங்களுக்குள் குழாயை விட்டு ஆற்றில் திறந்துவிடுகிறார். பட்டப்பகலில் என் கண்ணால் கண்டேன்.

அக்கரையிலிருந்து இறால் கொண்டுவரும் வதனியின் கணவருக்கு, தண்ணீரில் நின்று நின்று கால் முழுக்கப் புண். அவர்களுடைய இறாலைச் சந்தையில் ஒருவரும் தொடுவதில்லையாம். "இந்த ஆத்த விட்டா நாங்க எங்க போறது அக்கா?" என்று கேட்டாள். பவுசர் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலில் றிஷாட்டிடம்தான் பேசினேன். "எல்லாரும்தான் ஊத்துறாங்க மதினி. அவ்வளவு தூரம் போய் வாறதெண்டா கட்டுமா? நீங்க கண்டும் காணாம இரிங்க" என்றார். மாமியும் குடும்ப மானம் போய்விடும் என்று என் வாயை அடைக்கப் பார்த்தா.

வதனி சுற்றாடல் அதிகாரிகளிடம் முறைப்பாடு கொடுத்தாள். அவர்கள் வந்து தண்ணீரைப் போத்தலில் எடுத்துப்போனார்கள். புளியந்தீவில் அவர்களுடைய அலுவலகத்தில், இந்தப் பக்கம் ஓடும் பவுசர்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரணை நடந்தபோது நானும் போனேன். தன் பவுசர் ஆற்றுப் பக்கமே போனதில்லை என்று றிஷாட் சாதித்தார். கண்ட சாட்சி என்று யாரும் முன்வரவில்லை. நான் எழும்பி, "ஊத்தினது அந்த பவுசர்தான் சேர். என்ட மாப்பிள்ளைட பேரிலதான் இரிக்கி" என்றேன். வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பவுசர் அவர்களுடைய பொறுப்பில் நிற்கிறது. இனி ஒவ்வொரு லோடும் நிலையத்தில்தான் இறங்கும் என்று உரிமையாளர் கையெழுத்திட்டால் திரும்பத் தருவார்களாம்.

றிஷாட் இந்தப் பக்கம் வருவதில்லை. மாமி என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. நேற்று மட்டும், "உங்க உம்மா சாப்பிட்டாவா?" என்று இனாயாவிடம் கேட்டாவாம். இப்போதைக்கு அது போதும். ஆற்றில் நாற்றம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் பின்பக்க ஜன்னலைத் திறந்துவைக்கிறோம்.

பவுசரைத் தன் பேருக்கு மாற்றித் தரும்படி றிஷாட் கேட்பார். கொடுக்காதீர்கள். அவரை ஒதுக்கவும் வேண்டாம். அவரே ஓட்டட்டும், மேற்பார்வையை நான் பார்க்கிறேன். எனக்கு அது முடியும்.

இன்னொன்று. "உங்கட கணவருக்கு இது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். "தெரிஞ்சா அவர் ஒரு நாளும் விட்டிருக்க மாட்டார்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உங்களிடம் கேட்காமல்தான் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அந்தச் சொல்லை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும் மச்சான்.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.

உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்,
றபீக்கா