என் தலை, என் ரத்தம்

2009 ஜூன் 14, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். கம்பெனி யூனிபார்ம் ரெண்டும் காயலை. ஃபேனுக்குக் கீழ கொடி கட்டியாச்சு.

பூ வைக்க வந்தாங்க. குந்தாரப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை சிவகுமார் (இனி சி.), அவரோட அக்கா, மாமா. கேசரி நல்லா வந்துச்சு. அம்மா முகமெல்லாம் சிரிப்பு.

அக்காதான் பூ வெச்சாங்க. ஹேர்பின் நிக்கலை, நழுவிக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சு பார்த்துட்டு எல்லார் முன்னாடியும், "ஏம்மா, உச்சியில தோலே தெரியுதே? போட்டோவுல தெரியலையே?"

அம்மா உடனே, "தண்ணி ஒத்துக்கலைங்க. இந்த மூக்கண்டப்பள்ளி போர்வெல் தண்ணி."

போன வருஷத்திலிருந்தே கொட்டுது. தண்ணி மேல பழி.

அக்கா விடலை. பெங்களூர்ல புதுசா ஒரு ஊசியாம். நம்ம ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தி, தலையிலேயே போடுவாங்களாம். பி.ஆர்.பி. "ஆவணியில நிச்சயம். அதுக்குள்ள போட்டுக்கிட்டு வந்துடுங்க."

சி.க்கு நெத்தி முக்கால் தலை வரைக்கும் ஏறியிருக்கு. அதைப் பத்தி யாரும் பேசலை. நானும்தான்.

ஜூன் 16, செவ்வாய்

பர்ஸ்ட் ஷிப்ட். இன்ஸ்பெக்ஷன் டேபிள்ல பக்கத்து சீட்டு மஞ்சுளாகிட்ட மட்டும் சொன்னேன். கன்னடத்துல ஒரு கெட்ட வார்த்தை விட்டா. அப்புறம் தமிழ்ல, "முதல்ல அந்த ஆள் போடட்டும், நல்லா வளர்ந்தா நீ போடு."

சிரிச்சு சிரிச்சு கம்பெனி தொப்பி கழண்டுடுச்சு. எட்டு மணி நேரம் தொப்பிக்குள்ள இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் பிரவுசிங் சென்டர். பி.ஆர்.பி.ன்னு போட்டா எல்லாம் விளம்பரம். வழுக்கை போட்டோ இருட்டுல, முடி வளர்ந்த போட்டோ வெளிச்சத்துல.

ஜூன் 21, ஞாயிறு

அம்மாவோட பெங்களூர் கிளினிக். ஏ.சி.ல கை விறைச்சுப் போச்சு. டாக்டர் இல்லை. கவுன்சிலர்னு ஒரு பொண்ணு, இடுப்பு வரைக்கும் பின்னல். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கலை.

"கேரண்டி மேடம். இன்னைக்கே முதல் சிட்டிங் பண்ணிக்கலாம்."

"ஏன் கொட்டுதுன்னு டெஸ்ட் ஏதாவது?"

"அதெல்லாம் தேவையில்லை மேடம், உங்க சொந்த ரத்தம்தானே."

"நடுவுல நிறுத்தினா?"

"ஏன் நெகட்டிவா பேசறீங்க?"

அம்மா பர்ஸைத் திறந்துட்டாங்க. கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். அத்திப்பள்ளி வரைக்கும் பஸ்ஸுல அம்மா அழுகை. "உனக்குத் திமிருடி."

ஆமா.

ஜூன் 23, செவ்வாய்

ஓசூர்லேயே ஒரு தோல் டாக்டரம்மா. கூட்டம், ஃபேன் ஓடலை. தலையை லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. கொத்தா முடியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாங்க. மாசாமாசம் ஒழுங்கா வருதா, களைப்பா இருக்கா, அம்மாவுக்கு முடி எப்படி, எல்லாம் கேட்டாங்க. பெங்களூர் கதை சொன்னதும் பேனாவை மூடி வெச்சுட்டாங்க.

மறக்காம இருக்க:
- முதல்ல காரணம் தெரியணும். ரத்தசோகை, தைராய்டு. அது இருந்தா ஊசி வீண்.
- வேர் உயிரோட இருந்தாதான் பலன். வழவழன்னு ஆன இடத்துல வராது.
- ஒரு ஊசியில முடியாது. மாசத்துக்கு ஒண்ணா சில தடவை, அப்புறமும் அப்பப்ப. விட்டா திரும்பக் கொட்டலாம்.
- வலிக்கும். வீங்கும். (கவுன்சிலர் இதைச் சொல்லவே இல்லை!)
- ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, தட்டணு (பிளேட்லெட்) கம்மின்னா, தலையில புண் இருந்தா, முன்னாடியே சொல்லணும்.
- ஊசி, டியூப் எல்லாம் புதுசா, நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கணும்.
- புது வைத்தியம். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேரண்டி சொல்றவங்ககிட்ட போகாதே.

ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்தாச்சு.

ஜூன் 27, சனி

தைராய்டு குறைச்சல். ரத்தமும் குறைச்சல். டாக்டரம்மா மாத்திரை எழுதினாங்க. "சில மாசம் போகட்டும். ஊசியைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

சி.க்கு நானே போன் பண்ணினேன். பொறுமையா சொன்னேன்.

"அக்கா நிச்சயத்துக்குள்ளன்னு சொல்றாங்களே."

"உடம்புல ரத்தமே கம்மிங்கறேன்."

"அப்ப நிச்சயத்துக்கு சவுரி மாதிரி ஏதாவது... சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க."

"நீங்க விக் வெச்சுக்கிட்டு வருவீங்களா?"

"ஆம்பளைக்கு அது வேறங்க."

"அப்ப வேற பொண்ணு பாருங்க."

போனை வெச்சுட்டு, தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பவும் தேய்ச்சேன். கோபத்துல மட்டும் இல்லை. அவரைக் கொஞ்சம் பிடிச்சிருந்தது.

அம்மா ராத்திரி சாப்பிடலை. நான் சாப்பிட்டேன், வேணும்னே. மாத்திரை போடணுமே.

ஜூலை 3, வெள்ளி

லீவு போட்டு, பூ வைக்கறப்ப குடுத்த புடவையைத் திருப்பிக் குடுக்கப் போனோம். அனுப்பி வெச்சா போதும்னாங்க அம்மா. ஒளிஞ்சுக்க நான் என்ன திருடினேனா? குந்தாரப்பள்ளியில சந்தை நாள், ரோடெல்லாம் மாடு. பஸ் நகரலை.

அக்கா புடவையைப் பிரிச்சு, கறை இருக்கான்னு பார்த்துட்டு, "முடி இல்லாத பொண்ணுக்கு இவ்வளவு வாயா?"

"வாய் கொட்டலைங்க அண்ணி."

சி. உள்ள இருந்தார். வெளியே வரலை.

நவம்பர் 14, சனி

நல்ல குளிர். மாசக்கணக்கா எழுதலை. மாத்திரை ஒழுங்கா போகுது. படியேறினா மூச்சு வாங்கலை, கொட்டறது குறைஞ்சிருக்கு. உச்சி மட்டும் அப்படியே. அது அம்மா வழியா வந்ததாம். வேர் இருக்கு, வேணும்னா முயற்சி பண்ணலாம், உறுதி சொல்ல முடியாதுன்னாங்க டாக்டரம்மா. போட்டுக்கறேன்னேன்.

அம்மா: "கல்யாணமே நின்னு போச்சு. இப்ப யாருக்குடி இது?"

"எனக்கு."

இன்னைக்கு முதல் ஊசி. மஞ்சுளா கூட வந்தா. கையில ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்தினதும் மேல மஞ்சளா தெளிஞ்சு நின்னுச்சு. பார்க்க நல்லாதான் இருந்துச்சு. தலையில இறக்கினப்ப உயிர் போச்சு. கத்திட்டேன். மஞ்சுளா கையில என் நகம் பதிஞ்சிருக்கு.

வீட்டுக்கு வரும்போது நெத்தி வீங்கிப் போச்சு. பக்கத்து வீட்டக்கா வாசல்லேயே பிடிச்சுக்கிட்டாங்க. "அய்யோ, தலையில என்னாச்சு? யாராவது பார்க்க வராங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வீட்டுக்குள்ள இருந்து அம்மா குரல்.

"யாரும் வரலை. அவ தலை, அவ போட்டுக்கிட்டா. நீங்க உள்ள போய் உலையைப் பாருங்க."