மகளுக்குக் கொடுத்த வீட்டில் ஒரு பகல் தூக்கம்

இன்று வங்கிக் கதவைத் திறந்ததும் வயதானவர்கள் பூசும் ஓடிக்கொலோன் வாசம். மட்டக்களப்பில் இப்போது பணம் சேமிப்பவர்கள் நம் வயதுக்காரர்கள்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வாவிக் காற்றில் வரிசை முழுவதும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தது. கொஞ்சம் பணம் எடுக்க வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பதறிவிட்டாள்.

"ஏன் ஐயா, வீட்டுல ஆருக்கும் சுகமில்லையா?"

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், நண்பா.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நீ பொருளியல் கற்பித்தாய். பக்கத்து அறையில் நான் தமிழ். கரும்பலகையில் மேடு போல ஒரு வளைகோடு வரைவாய். இளமையில் கடன், நடுவயதில் சேமிப்பு, முதுமையில் செலவு. "உழைக்கிற வயதினர் நிறைந்த நாடு சேமிக்கும், முதுமை கூடிய நாடு சேமித்ததைத் தின்னும்" என்பாய். நாடு மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியது. நீயும் ஓய்வு பெற்றாய்.

ஆரையம்பதியில் வாவியைப் பார்த்து நீ கட்டிய வீட்டை, ஊர் வழக்கப்படி, ஒரே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தாய். அவள் கணவனோடு கனடா போனாள். நீயும் மனைவியும் பின்வளவில் தகரக் கூரை அறைக்குக் குடிபோனீர்கள். முன்வீடு பூட்டிக் கிடந்தது. ஓய்வூதியத்தில் மிஞ்சியது பேரன் பெயரில் வங்கியில் கிடந்தது. உனக்கோ மூச்சு இழுத்தது. காற்றோட்டமான இடத்தில் படுக்கச் சொன்னார் வைத்தியர்.

"உன்ட மேட்டுல இப்ப எந்த இடத்துல நிக்காய் மச்சான்?" என்று கேட்டேன்.

"நான் விதிவிலக்கு, மச்சான்."

"ஊர் முழுக்க விதிவிலக்கெண்டா விதி ஆருக்கு?"

தேநீரோடு வந்த உன் மனைவி, "நல்லாக் கேளுங்க அண்ணன். மகளே திறந்து படுங்க எண்டுதான் சொல்றாள்" என்றாள்.

"குடுத்த வீட்டுல தகப்பன் கிடந்தா சனம் என்ன சொல்லும்?"

வாவிக்கரையில் கொக்குகளைத் தவிர நான் சனத்தைக் காணவில்லை. தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் மகள்மாருக்காகப் பூட்டிக் கிடந்தன.

வெயில் காலத்தில் தகரம் கொதித்தது. ஒரு பகல், உனக்கு மூச்சே எடுபடவில்லை. உன் மனைவி யாரையும் கேட்கவில்லை. முன்வீட்டைத் திறந்து பாயை விரித்தாள். "சனம் வந்தா நான் கதைக்கிறன். தூக்குங்க அண்ணன்." தூக்கினோம்.

நீ தூங்கினாய். வாவியின் ஒளி கூரையில் நெளிந்தது. வீடே கட்டவிழ்ந்த தோணி போல மெல்ல மிதந்து போவதாக எனக்குப் பட்டது. பொழுது சாய எழுந்து, "இவ்வளவு காத்தும் இஞ்சதான் இரிந்ததா?" என்று கேட்டாய்.

மாரி வரைக்கும், உன் முடிவு வரைக்கும், அங்கேயே படுத்தாய். ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் உனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

அந்தப் பகலில் இழுப்பின்றி ஏறி இறங்கிய உன் மூச்சின் ஓசை என்னிடம் இருக்கிறது. நாளைக்கென்று எதையாவது எடுத்துவைக்கக் கை போகும்போது அது கேட்கிறது. கை சற்று நிற்கிறது.