நான் புரட்டாத இரண்டாம் பக்கம்

தில்லையடி, புத்தளம்.
சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மகன் நஜாத்துக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் தங்கச்சியும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த டோஹா வெயிலில் அப்படியே இருக்கத் துஆச் செய்கிறேன். உடம்பைப் பற்றி எழுத இவ்வளவுதான். மனதைக் கேட்டாயானால் வியாழக்கிழமை தொடக்கம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேற்றுத் தேங்காய்ப்பாலைப் பிழிந்து கோழிக்கு ஊற்றிவிட்டுச் சக்கையைக் கறிக்குள் போட்டிருக்கிறேன், வாப்பா அதையும் சாப்பிட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனார். போனில் சொல்லலாமே என்று கேட்காதே. போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து, சரி உம்மா, விடுங்க உம்மா என்று ஆற்றிவிடுவாய். இது ஆற்றிவிடுகிற கதை இல்லை. எதிர்வீட்டு நளீம் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அறையில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து முழுதாக வாசி.

வியாழக்கிழமை காலையில் பிரீசர் நின்றுவிட்டது. பஸீனாவின் மகளுடைய வலீமா விருந்துக்கென்று முந்நூறு சமோசா மடித்து உள்ளே வைத்திருந்தேன், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசி. போன வருடம் நீ எழுதித் தந்த, பிரிஜ் திருத்துகிற சிலாபத்துக் கடை நம்பருக்கு எடுத்து அழாத குறையாகச் சொன்னேன், உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பத்தரைக்கு ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. இறங்கியது காற்சட்டையும் பெரிய சப்பாத்தும் போட்ட ஒரு பெண் பிள்ளை, ஒரு கையில் கேஸ் சிலிண்டர், மறு கையில் சாமான் பை. நான் அவளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பாஸ் எங்கே மகள், திருத்துகிறவர் வரவில்லையா என்று கேட்டேன். நான்தான் பாஸ், ஆன்ட்டி என்றாள். பேர் டிலுக்ஷி, சிலாபத்துக்கு இங்கால் ஒரு கரையோர ஊர், கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை, அவளுடைய வாப்பா பஸ்தியான் கடலுக்குப் போகிறவராம். பிரீசரைத் தன் பக்கம் திருப்பி, பின் தகட்டைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்து, எரிந்துபோன ஒரு சின்னச் சாமானை மாற்றினாள். அரை மணி நேரத்தில் பெட்டி உறுமத் தொடங்கியது. சமோசா ஒன்றுகூடப் பழுதாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி உள்ளே கூப்பிட்டேன். கதிரையில் இருந்தவள் சுவரில் நீ தலைக்கவசத்தோடு நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றுவிட்டாள். இது நஜாத் சேர்தானே, அவர்தான் எனக்கு வழிகாட்டி என்றாள். நான் சிரித்தேன். என் மகன் டோஹாவில் ஏசி பூட்டுகிறவன், அவன் யாருக்கும் சேர் இல்லை என்றேன். அவள் தன் போனை எடுத்து உன் முகத்தையும் நீ பேசி அனுப்பியிருந்த ஒன்றையும் காட்டினாள், அது உன் குரல்தான். வெள்ளிக்கிழமை விடிந்தால் உனக்கு நித்திரை, ஜும்ஆ வரைக்கும் எடுக்காதீர்கள் என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாய், அந்த நேரம் இரண்டு வருடமாக இந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் மின்சாரப் படங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம், நீ ஒவ்வொரு கோட்டையும் அவள் கையாலேயே கீறி அனுப்பச் சொல்லித் திருத்தினாயாம். பட்டறையில் பையன்கள் சிரித்து, குழாய்களைச் சூடாக்கிப் பற்றுவைக்கிற விளக்கைத் தர மறுத்தபோது, நாளைக்கு எல்லாருக்கும் முதல் போய் அந்த மேசையில் நில்லு என்று சொன்னாயாம். ஏழைப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற நிதியம் ஒன்றுதான் உன்னை வழிகாட்டியாகக் கொடுத்ததாம், அது தருகிற புலமைப்பரிசிலில் பஸ் காசும் சப்பாத்தும் சாமான் பையும் வந்தது, ஆனால் காசு மட்டும் வந்திருந்தால் முதலாம் தவணையோடு நின்றிருப்பேன், கேட்க ஓர் ஆள் இருந்தபடியால்தான் நின்று பிடித்தேன் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த வசனத்தில் அது போய்விட்டது. சேரும் இதே நிதியத்தில் படித்தவர்தானே என்றாள்.

மகன், நீ படித்த இரண்டு வருடமும் பின்னேரங்களில் பதுர்தீன் நானாவின் கடையில் பிரிஜ் திருத்தி உன் செலவைப் பார்க்கிறாய் என்றுதான் நான் இருந்தேன். ஒவ்வொரு கிழமையும் உனக்கு எடுத்துக் கதைத்த அந்தச் சிங்கள மாத்தயா சாமான் கடைக்காரர் என்று நினைத்து அவருக்கு நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினேன். அவர் உனக்கு வழிகாட்டியாக இருந்த இன்ஜினியராம். பின்னேரம் வாப்பா வந்ததும் கேட்டேன், அவருக்கும் தெரியுமாம், படிவத்தில் கையெழுத்து வைத்ததே அவர்தானாம். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஏழு வருடமாக ஒரே கோப்பையில் சோறு போட்டுக் கொடுக்கிறேனே, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன், நீ கேக்கல்லயே என்றார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சுற்றி வேலி அடைத்து வைத்திருக்கிறீர்கள். நன்றாக ஏச வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஏச எனக்கு முகம் இல்லை, அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

டிலுக்ஷி கோப்பையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சும்மா கதையாகத்தான் அதைச் சொன்னாள். இந்த வருடம் தனக்கும் ஒரு புதுப் பிள்ளையைத் தர இருந்தார்களாம், அவளுக்குத் தான் வழிகாட்ட வேண்டுமாம். "புத்தளத்துப் புள்ள, ஆன்ட்டி. நல்லாத் தெரிவானவ. வீட்டாக்கள்தான், ஏழைகளுக்குப் பங்கிடுற காசு எங்களுக்குத் தேவையில்ல, எங்கட பிள்ள கையேந்த மாட்டா எண்டு எழுதிட்டாங்களாம்." பேரை மறைத்து அந்தக் கடிதத்தைக்கூடக் காட்டினார்களாம். நான் சீனிப் போத்தலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த வசனம் என்னுடையது. ஒரு சொல் மாறவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் மகன்.

மார்ச் மாதம் ஒருநாள் தபால்காரர் நீளமான உறை ஒன்று தந்தார், பெற்றாருக்கு என்று இருந்தது. தங்கச்சி ருஷ்தா வீட்டில் இல்லை. உங்கள் மகள் குளிரூட்டல் பாடநெறிக்கான புலமைப்பரிசிலுக்குத் தெரிவாகியுள்ளார் என்று முதல் வரி. அதற்குக் கீழே குடும்ப வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்று இருந்தது, பக்கத்தில் படம் ஒட்டுவதற்கு ஒரு சதுரம். அவ்வளவுதான் பார்த்தேன். எனக்குத் தலைக்குள் ஏதோ ஏறிவிட்டது. உனக்கு அந்தக் கலண்டர் கதை தெரியும், உனக்குப் பன்னிரண்டு வயதில் கடையில் கொடுத்த கலண்டர் ஒன்றை நீ கொண்டுவந்து மாட்ட, நான் கிழித்துப் போட்டுவிட்டுச் சொன்னேன், அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் சனத்தை மன்னாரிலிருந்து விரட்ட, வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது எனக்குப் பதினாலு வயது. முகாமில் பானை கொடுத்தவர்கள் என்னைப் பானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார் என்றார்கள், பார்த்தேன். அடுத்த வருடம் புத்தளத்து அரிசிக் கடையில் மாட்டியிருந்த கலண்டரில் ஜூன் மாதத்துக்கு மேலே நான் நிற்கிறேன், கலைந்த தலையும் பானையுமாக. கடைக்காரர் என்னையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு டொபி தந்தார். அதற்குப் பிறகு டொபி என்று ஒன்றை நான் வாயில் வைத்ததில்லை. என் பிள்ளையை யாரும் அப்படித் தூக்கிப் பிடிக்கச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அந்த வேகத்தில்தான் எழுதி, அன்றே தபாலில் சேர்த்துவிட்டு, படிவத்தை அலுமாரித் தட்டில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே தள்ளினேன்.

ருஷ்தா மே மாதம் வரைக்கும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள். உன்னிடமும், தான் தெரிவாகவில்லை என்றுதானே சொன்னாள். ஒருநாள் கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தவளைத் தடவி, அல்லாஹ் நாடவில்லை மகள் என்றேன். நான் செய்ததை அல்லாஹ்வின் மேல் போட்டேன். இப்போது டவுனில் புடவைக் கடையில் துணி மடிக்கிறாள், வீட்டில் மின்விசிறி பழுதானாலும் தொடுவதில்லை, எனக்கு அதற்குரிய மூளை இல்லை உம்மா என்கிறாள்.

டிலுக்ஷியிடம் சொல்லிவிட்டேன். அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. ஏசுவாள் என்று இருந்தேன். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு, இரண்டாம் பக்கத்தை வாசித்தீர்களா என்றாள். அலுமாரிக் கடதாசியைத் தூக்கிப் படிவத்தை எடுத்துப் புரட்டினேன். முதலாம் வரியில் இருக்கிறது, வீட்டின் படமோ குடும்பத்தாரின் படமோ கேட்கப்படமாட்டாது, மாணவரின் பெயரும் படமும் எந்த விளம்பரத்திலும் வராது என்று. சதுரம் வெறும் அடையாள அட்டைக்காம். இந்த வரி முன்பு இல்லையாம், இரண்டு வருடத்துக்கு முன் நிதியத்தின் கூட்டத்தில் டோஹாவிலிருந்து ஓர் ஆள் போனில் வந்து, படம் கேட்டால் கையெழுத்து வைக்காத உம்மாமார் இருக்கிறார்கள், எனக்கு ஒருவரைத் தெரியும் என்று சொல்லிச் சேர்க்க வைத்தாராம். யார் என்று டிலுக்ஷி சொல்லத் தேவைப்படவில்லை. எனக்காக நீ எழுத வைத்த வரியை நான் புரட்டிப் பார்க்கவில்லை மகன். அன்றைக்கு ஒரு தாளைப் புரட்டியிருந்தால் என் பிள்ளை இப்போது பட்டறையில் நிற்பாள்.

அந்த இடம் வண்ணாத்திவில்லுப் பிள்ளை ஒருத்திக்குப் போய்விட்டது, அவள் நன்றாகப் படிக்கட்டும். டிலுக்ஷி அங்கிருந்தே காரியாலயத்துக்கு எடுத்துக் கதைத்தாள். ஜனவரியில் அடுத்த வகுப்பு, ருஷ்தா திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் முன்பு மறுத்தவர் ஏன் மறுத்தார் என்று தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை. எழுதுவேன். கலண்டரையும் எழுதுவேன். ஆனால் அதற்கு முதல் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும், இரண்டு நாளாக வாயைத் திறக்கிறேன், சோறு போடவா என்றுதான் வருகிறது. அதனால் இதுவரை எழுதியதை அவளிடமே வாசிக்கக் கொடுக்கப் போகிறேன்.

ஞாயிறு, லுஹருக்குப் பிறகு. கொடுத்தேன். குசினிப் படியில் இருந்து வாசித்தாள். நான் வெங்காயம் வெட்டுகிற மாதிரி நின்றேன். முதலில் டிலுக்ஷியின் பாஸ் கதைக்குச் சிரித்தாள். முடித்துவிட்டு ஒரு பக்கத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தாள். கோபப்பட்டால் படட்டும், கத்தட்டும், வீட்டைவிட்டுப் போகிறேன் என்றாலும் சொல்லட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை மகன். "அப்ப நான் தெரிவாகித்தான் இருந்தனா உம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள். அவ்வளவு சந்தோசமாகக் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்து அழுதேன். இப்போது பார்த்தால் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கிறாள். கோபம் இனித்தான் வரும் போலிருக்கிறது, வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உன் கைத்தொழிலில் பரக்கத்தையும் தரட்டும். வேலைத்தளத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, நளீமிடம் இருபது சமோசா பொரிக்காமல் கொடுத்துவிடுகிறேன், அறையில் எல்லாருக்கும் கொடு. வெள்ளிக்கிழமை காலையில் இனியும் நான் எடுக்கமாட்டேன், அது இன்னொருவரின் பிள்ளைக்குரிய நேரம். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தங்கச்சிக்கு எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல், நீ தெரிவானவள் என்று உன் வாயால் சொல்லு. நான் சொன்னதை அவள் மூன்று தரம் கேட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை, இவ்வளவு காலம் பொய் சொன்ன வாயல்லவா.

உன்னை ஏச நினைத்து எழுதத் தொடங்கிய உம்மா,
றுக்கியா